எஞ்சினை ஆட விடுங்கள்: இணையத்தில் கணினிச் செஸ் போட்டி நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

போட்டி நடத்துகிறவர்களுக்கும், பாட் கணக்கு வைத்திருக்கும் சக ஆபரேட்டர்களுக்கும்,

வணக்கம்.

2021 ஜூன் மாதம் கொரோனா நிவாரண நிதிக்காக இணையத்தில் சில காட்சி ஆட்டங்கள் நடந்தன. அதில் விஸ்வநாதன் ஆனந்தை எதிர்த்து ஆடிய ஒரு தொழிலதிபர், கணினியின் உதவியை வாங்கிக்கொண்டுதான் ஆடினேன் என்று மறுநாளே ஒப்புக்கொண்டார். செஸ் பலகையைத் தொட்டே பார்க்காதவர்கள்கூட அன்றைக்கு அதைப் பேசினார்கள். மனிதனுக்குப் பின்னால் கணினி ஒளிந்திருந்தால் அது மோசடி என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அதைப் பிடிக்கப் பெரிய தளங்கள் தனிக் குழுவே வைத்திருக்கின்றன. நான் எழுத வந்தது இதற்கு நேர்தலைகீழான விஷயம்: கணினியின் பெயரில் நடக்கும் ஆட்டத்தில், பின்னால் உட்கார்ந்து மனிதன் கை வைப்பது. செஸ் ஆடும் நிரலைத்தான் எஞ்சின் என்கிறோம், அது இணையத்தில் ஆடும் கணக்கு பாட், அதை இயக்குகிற ஆள் ஆபரேட்டர்.

இந்தப் பேச்சை எடுத்தாலே சிரிக்கிறார்கள். "ரெண்டு பக்கமும் மெஷின். அதுக்குள்ள என்ன நியாயம் அநியாயம்?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான், அதனால் முதலில் அதற்கே பதில் சொல்லிவிடுகிறேன். எஞ்சின் எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் பெரிய நிறுவனங்களில் அதற்கென்று சம்பளம் வாங்குகிறவர்கள் இல்லை. கல்லூரி மாணவர், வேலை முடிந்து ராத்திரி வீட்டில் உட்கார்ந்து கோடு எழுதும் ஐடி ஊழியர், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், இப்படிப்பட்டவர்கள்தான். ஸ்டாக்ஃபிஷ் என்ற முன்னணி எஞ்சினுக்கு 2013 முதல் ஃபிஷ்டெஸ்ட் என்ற சோதனை அமைப்பு இருக்கிறது. தன்னார்வலர்களின் கணினிகளில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் ஓடி, மாற்றம் தேறுமா தேறாதா என்பதைப் புள்ளிவிவரமே சொல்லிவிடும். ஒரு பழைய மடிக்கணினியோடு மல்லுக்கட்டுகிற தனி ஆளுக்கு அந்த வசதி ஏது? இணையத்தில் மற்ற பாட்களோடு ஆடிக் கிடைக்கும் ரேட்டிங்தான் அவருக்குக் கைக்கெட்டிய அளவுகோல். எதிரே ஆடியது எஞ்சின் பாதி, ஆள் பாதி என்றால் அந்த எண்ணை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

ஆபரேட்டர் என்பவர் கணினிச் செஸ்ஸுக்குப் புதியவர் இல்லை. நேரடிப் போட்டியில் எஞ்சினுக்குக் கையும் கிடையாது காலும் கிடையாது. அதனால் ஒருவர் பலகைமுன் உட்கார்ந்து, திரையில் வந்த நகர்வைக் காயால் செய்து, கடிகாரத்தை அமுக்கி, எதிராளியின் நகர்வை மறுபடி கணினியில் ஏற்றுவார். இணையம் வந்தபோது இந்த வேலை தேவைப்படாமல் போயிற்று. டிம் மேன் பராமரித்த எக்ஸ்போர்டு, விண்போர்டு என்ற செஸ் நிரல்களில் 'ஸிப்பி' என்று ஒரு வசதி இருந்தது. எஞ்சினை நேராக சர்வரோடு கோத்துவிடும். ராபர்ட் ஹயட் எழுதிய கிராஃப்டி என்ற எஞ்சின் ஐசிசி (இன்டர்நெட் செஸ் கிளப்) சர்வரில் ராப்பகலாக ஆடியதெல்லாம் ஆள் தட்டித் தட்டி அல்ல. கணினிக் கணக்கு என்று தெரிவதற்காகப் பெயருக்குப் பக்கத்தில் ஒரு 'சி' போட்டிருப்பார்கள். 2018-இல் லிசெஸ் என்ற செஸ் தளம் இதற்கென்றே, நிரல்கள் நேராக வந்து இணையும் தனி வாசல் (ஏபிஐ) ஒன்றைத் திறந்தது. ஒரு ஆட்டம்கூட ஆடாத கணக்கைத்தான் பாட் கணக்காக மாற்ற முடியும். மாற்றிவிட்டால் திரும்ப மனிதக் கணக்காக்க முடியாது. நல்ல விதி. ஆனால் அந்த வாசல் வழியாக வந்து சேரும் நகர்வை எஞ்சின் எண்ணியதா, ஆள் யோசித்ததா என்று சர்வருக்குத் தெரிய வழியில்லை. நேரடிப் போட்டியில் ஆபரேட்டர் எல்லோர் கண்முன்னும் உட்கார்ந்திருந்தார். அவர் திரையை நடுவர் எட்டிப் பார்க்கலாம். இப்போது அவர் எங்கேயோ ஓர் ஊரில், கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

கை வைப்பது என்றால் என்னென்ன என்று நம் ஆட்களுக்குத் தெரியாமல் இல்லை. எஞ்சின் யோசித்துக்கொண்டிருக்கும்போதே நிறுத்தி, அப்போதைக்குக் கையில் இருந்த நகர்வைப் போடவைப்பது. அது சொன்ன நகர்வை விட்டுவிட்டு வேறொன்றைப் போடுவது. ஓப்பனிங் புக் (முன்பே சேர்த்துவைத்த தொடக்க நகர்வுகள்) முடிந்து வெளியே வரும்போதே நிலைமை கெட்டிருந்தால் இணைப்பைத் துண்டித்துவிட்டு "நெட் போயிடுச்சு" என்பது. போட்டி நடுவே வேறு எஞ்சினை அதே பெயரில் உட்காரவைப்பது. எஞ்சின் ஜெயித்துவிடும் என்று நம்பிக்கொண்டிருக்கும் நிலையில், ஆபரேட்டருக்குப் பயம் வந்து டிராவை ஏற்றுக்கொள்வது. எதிராளியைப் பொறுக்கி, தோற்கிற பாட்களோடு மட்டும் ஆடி ரேட்டிங்கை ஏற்றிக்கொள்வதும் உண்டு. இந்தக் கடைசியை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். அப்படி ஏற்றிய ரேட்டிங் ஒரு நல்ல போட்டியில் இறங்கினதும் தானாக இறங்கிவிடும்.

பெட்டிக்குள் ஆளை ஒளித்துவைத்து ஊர் ஊராகக் காட்டிய துருக்கிப் பொம்மையின் கதையைச் சொல்லாமல் யாரும் இந்தப் பேச்சைத் தொடங்குவதில்லை. நான் அதை விட்டுவிடுகிறேன். அங்கே டிக்கெட் எடுத்தவனுக்கு ஒரு வித்தையாவது கிடைத்தது.

எனக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு வார இறுதிப் போட்டி. சர்வர் பெயர் வேண்டாம், போட்டியின் பெயரும் வேண்டாம். ஆளுக்கு 15 நிமிடம், ஒவ்வொரு நகர்வுக்கும் 10 நொடி கூடுதல். என் எஞ்சினுக்குக் கறுப்பு. எதிராளி நகர்வுக்குப் பத்துப் பதினைந்து நொடி என்று ஒரே சீராக ஆடிக்கொண்டு வந்தது. 24-ஆவது நகர்வில் என் ராஜா பக்கம் குதிரையைக் கொடுத்து உடைக்க ஒரு வாய்ப்பு இருந்தது. செஸ் ஆடிப் பழகிய மனிதனுக்கு அந்தக் கட்டத்தைப் பார்த்தாலே கை அரிக்கும். என் எஞ்சின் அந்தத் தியாகத்தை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. எதிராளியும் மதிக்கவில்லை என்றுதான் தெரிந்தது. எப்படித் தெரியும் என்றால், அந்தப் பாட் சாட்டில் கேட்டால் தன் மதிப்பீட்டைச் சொல்கிற மாதிரி வைத்திருந்தார்கள். அதற்கு முந்தைய நகர்வில் தனக்கு அரைச் சிப்பாய் பாதகம் என்று சொல்லியிருந்தது (எஞ்சின்கள் சாதக பாதகத்தைச் சிப்பாய்க் கணக்கில்தான் சொல்லும்). அங்கே அதன் கடிகாரம் ஓடத் தொடங்கியது. ஒரு நிமிடம். ஒன்றரை நிமிடம். பிறகு குதிரையைக் கொடுத்தது. கொடுத்த பிறகு கேட்டால், பாதகம் ஒன்றரைச் சிப்பாய் என்றது! அடுத்த நகர்வுக்கும் ஒரு நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டது. அப்புறம் பழையபடி பத்து நொடிக்குத் திரும்பிவிட்டது. ஆட்டத்தில் நாங்கள் தோற்றோம். தாக்குதல் உண்மையிலேயே நல்ல தாக்குதல்.

தன் கணக்குப்படியே ஒரு சிப்பாய் அளவுக்கு நிலைமையைக் கெடுக்கும் நகர்வை எஞ்சின் ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும்? சந்தேகம் வரத்தானே செய்யும். ஆனால் சந்தேகத்துக்கு எதிர்ப்பக்கமும் உண்டு. ஆழமாகப் போய்ப் பார்த்தபோது மற்ற நகர்வுகள் எல்லாம் இதைவிட மோசம் என்று அதற்குத் தெரிந்திருக்கலாம். மதிப்பீடு திடீரென்று சரியும்போது கூடுதல் நேரம் எடுத்துக்கொள்ளும்படிதான் இன்றைய எஞ்சின்களை எழுதுகிறார்கள். ஸ்டாக்ஃபிஷும் அப்படித்தான் செய்யும். ஆக, ஒன்றரை நிமிட யோசனையும் விழுந்த மதிப்பீடும் ஒன்றுக்கொன்று பொருந்தியே போகின்றன. இரண்டில் எது நடந்தது என்பதைச் சொல்லக்கூடியது ஒன்றே ஒன்று: அந்த எஞ்சினின் லாக். ஒவ்வொரு ஆழத்திலும் எந்த நகர்வை முதலில் வைத்தது, எத்தனை நிலைகளைப் பார்த்தது, எப்போது மனம் மாறியது, எல்லாம் அதில் வரிவரியாக இருக்கும்.

ஆபரேட்டரிடம் மரியாதையாகத்தான் கேட்டேன். "லாக்கெல்லாம் வெச்சுக்கறது இல்ல, ப்ரோ" என்று பதில் வந்தது. நடத்தியவர்களிடம் கேட்டேன். லாக் கேட்க விதியில் இடமில்லை என்றார்கள். அந்த ஆபரேட்டர் தப்புச் செய்தார் என்று நான் சொல்லவில்லை. செய்யவில்லை என்று காட்ட அவரிடம் ஒன்றும் இல்லை, செய்தார் என்று காட்ட என்னிடமும் ஒன்றும் இல்லை. இந்த நிலைமையை உண்டாக்கிவைத்திருப்பது போட்டியின் விதிகள். அதனால்தான் மடல் அவருக்கு அல்ல, உங்களுக்கு.

இதே கதைதான் 1997 மே மாதம் நியூயார்க்கில் பெரிய அளவில் நடந்தது. அன்றைய உலக சாம்பியன் காஸ்பரோவ் ஐபிஎம்மின் டீப் புளூ கணினியோடு ஆடிய இரண்டாவது ஆட்டத்தில், சிப்பாய்களை அள்ளிக்கொள்ள வழி இருந்தும் அதை விட்டுவிட்டு இயந்திரம் நிதானமாக நிலையை இறுக்கியது. கணினி இப்படி ஆடாது, பின்னால் ஒரு கிராண்ட்மாஸ்டர் இருக்கிறார் என்று காஸ்பரோவுக்குத் தோன்றிவிட்டது. 1986 உலகக் கோப்பையில் மரடோனா கையால் போட்ட கோலைக்கூட உதாரணம் காட்டினார். அந்த ஆட்டத்தை அவர் விட்டுக்கொடுத்த நிலையில் டிராவுக்கு வழி இருந்தது என்று அவருடைய குழுவினரே அப்புறம் கண்டுபிடித்துச் சொன்னார்கள். சந்தேகம் ஒரு ஆட்டக்காரரை என்ன பாடுபடுத்தும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். அவர் கேட்டது லாக்கைத்தான். அப்போது தரவில்லை. போட்டி முடிந்து, 3½–2½ என்று முடிவும் வந்து, எல்லாம் ஓய்ந்த பிறகு ஐபிஎம் அந்த லாக்குகளைத் தன் இணையதளத்தில் போட்டது. டீப் புளூ குழு ஏமாற்றியது என்று நான் நம்பவில்லை. பெரும்பாலான நிபுணர்களும் நம்பவில்லை. ஆட்டங்களுக்கு இடையே நிரலைத் திருத்த விதியிலேயே அனுமதி இருந்தது. ஜோயல் பெஞ்சமின் என்ற கிராண்ட்மாஸ்டர் குழுவில் இருந்ததும் ஊரறிந்த செய்தி. ஆட்டம் நடந்த வாரமே அந்தக் காகிதங்களை நடுவர் மேசையில் வைத்திருந்தால் கால் நூற்றாண்டாக இழுபடும் ஒரு புகார் அன்றோடு செத்திருக்கும்.

ஆனால் என்னைப் பொறுத்தவரை இந்த விஷயத்தில் பாடமாக வைக்க வேண்டிய ஆட்டம் அது அல்ல. 2003 நவம்பரில் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் நடந்த உலகக் கணினிச் செஸ் சாம்பியன்ஷிப்பில் ஷ்ரெடருக்கும் ஜானிக்கும் நடந்த ஆட்டம். புதிதாக வந்த ஆபரேட்டர்கள் பலருக்கு இது தெரியாது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஷ்ரெடர் அன்றைக்கு உலகின் முன்னணி எஞ்சின்களில் ஒன்று. ஸ்டெஃபான் மேயர்-காலென் எழுதியது. ஜானி, யோஹான்னஸ் ஸ்வாங்சர் என்பவர் தனியாக எழுதிய எஞ்சின். அவரே பலகைமுன் ஆபரேட்டராகவும் உட்கார்ந்திருந்தார். ஷ்ரெடருக்கு ஜெயிக்கிற நிலை. ஆனால் அதற்குள் இருந்த ஒரு பிழையால், ஒரே நிலை மூன்றாவது தடவை வந்ததை அது கவனிக்கவில்லை. ஜானியின் திரையில் மூன்று முறை ஒரே நிலை, டிரா என்று அறிவிப்பு வந்துவிட்டது. செஸ் விதிப்படி இந்த டிரா தானாக வராது, கோர வேண்டும். ஸ்வாங்சர் கோரவில்லை. அறிவிப்பை ஒதுக்கிவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தார். எதிராளியின் நிரலில் இருக்கும் ஒரு பிழையை வைத்து அரைப் புள்ளி வாங்குவது அவருக்குப் பெருந்தன்மையாகப் படவில்லை. ஷ்ரெடர் அப்புறம் ஜெயித்துவிட்டது.

பார்க்கிறவர்களுக்கு அவர் செய்தது உயர்ந்த குணம் என்றுதான் தோன்றும். தனக்கு வந்த லாபத்தை வேண்டாம் என்றவரை யார் குறை சொல்வார்கள்? ஆனால் பட்டியலைப் பாருங்கள். போட்டி முடிவில் ஷ்ரெடரும் ஃப்ரிட்ஸ் என்ற இன்னொரு எஞ்சினும் சம புள்ளியில் முதலிடத்தில் நின்றன. பிளேஆஃப் வைத்தார்கள். ஷ்ரெடர் ஜெயித்து உலக சாம்பியன் ஆனது. அந்த ஆட்டம் டிராவாக முடிந்திருந்தால் ஃப்ரிட்ஸ் அரைப் புள்ளி முன்னால் நின்று தனியாகப் பட்டம் வாங்கியிருக்கும். அந்தப் பலகையில் ஃப்ரிட்ஸ் இல்லை. அதன் ஆட்களிடம் யாரும் கேட்கவில்லை. ஜானியின் ஆபரேட்டர் தன் பையிலிருந்து எடுத்துக்கொடுத்ததாக நினைத்த அரைப் புள்ளி, உண்மையில் வேறொருவருடைய பட்டத்திலிருந்து போயிற்று. சர்ச்சை பெரிதாக எழுந்தும் முடிவு மாறவில்லை.

ஸ்வாங்சரை வில்லனாக்க நான் இதைச் சொல்லவில்லை. அவர் எந்த லாபமும் அடையவில்லை. 2015-இல் லைடனில் இதே சாம்பியன்ஷிப்பை ஜானி வென்றபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. நான் சொல்வது என்னவென்றால், கை வைப்பது என்றதும் நாம் திருட்டுத்தனத்தை மட்டும் தேடுகிறோம். நல்ல எண்ணத்தோடு வைத்த கையும் முடிவைத் திருப்பிவிடும். "பாவம், பாதி ராத்திரி ஆச்சு, எதிராளிக்காக ரிசைன் பண்ணினேன்" என்கிற ஆபரேட்டரும், "அவன் நெட் போச்சு, அதான் டிரா கொடுத்தேன்" என்கிறவரும் மூன்றாவது ஒருவருடைய கணக்கில்தான் எழுதுகிறார்கள். கிராஸில் நூறு பேர் பார்க்கிற கூடத்தில் நடந்ததால்தான் இந்தக் கதை நமக்குத் தெரியவே வந்தது. இணையத்தில் இதே அறிவிப்பு திரையில் வந்து, ஒருவர் சத்தமில்லாமல் மூடிவிட்டிருந்தால்?

இங்கே ஒரு தொழில்நுட்ப விஷயம் இருக்கிறது. ஆபரேட்டர்கள் பலர் இதைத்தான் சாக்காகச் சொல்வார்கள், அதில் ஓரளவு உண்மையும் உண்டு. இன்று பெரும்பாலான எஞ்சின்கள் தம்மை இயக்கும் நிரலோடு பேசப் பயன்படுத்தும் யுசிஐ நெறிமுறையை 2000-இல் உருவாக்கியவர்கள் ருடால்ஃப் ஹூபரும் அதே மேயர்-காலெனும்தான். அதில் எஞ்சினுக்கு "டிரா வேண்டுமா" என்று கேட்கவோ "தோற்றேன்" என்று சொல்லவோ வாய் கிடையாது. பழைய எக்ஸ்போர்டு நெறிமுறையில் இரண்டுக்கும் கட்டளை இருந்தது. யுசிஐ எஞ்சின் நகர்வையும் மதிப்பீட்டையும் மட்டும்தான் சொல்லும். டிராவும் ரிசைனும் எஞ்சினை இயக்கும் நிரலின் வேலை. லிசெஸ்ஸில் பலரும் பயன்படுத்தும் இணைப்பு நிரலில் இதற்கென்றே அமைப்புகள் உண்டு: மதிப்பீடு இவ்வளவுக்குக் கீழே இத்தனை நகர்வு தொடர்ந்து இருந்தால் ரிசைன் செய், இத்தனை காய்களே மிஞ்சி மதிப்பீடு பூஜ்யத்தில் நின்றால் டிரா கேள், என்று முன்கூட்டியே எழுதிவைக்கலாம். ஆக, எஞ்சினுக்கு வாய் இல்லை என்பதற்காக ஆபரேட்டர் அதன் வாயாக மாற வேண்டியதில்லை. எண்களை ஆட்டத்துக்கு முன்பே எழுதிவைத்துவிட்டு எழுந்து போய் டீ குடிக்கலாம்.

மனிதக் கை எங்கேயுமே கூடாது என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். எஞ்சினை எழுதியதே மனிதன்தானே. எஞ்சின்களுக்கு இடையே இணையத்தில் நடக்கும் டிசெக் (TCEC) போட்டியைப் பாருங்கள். 2010-இல் மார்ட்டின் தோரேசன் தொடங்கியது. அதில் எந்த ஓப்பனிங்கிலிருந்து ஆட்டம் தொடங்க வேண்டும் என்பதை ஜெரோன் நூமன் போன்ற மனிதர்கள் உட்கார்ந்து பொறுக்கி வைக்கிறார்கள். முழுக்க முழுக்க மனிதத் தலையீடு! ஆனால் அந்த ஓப்பனிங்கை இரண்டு எஞ்சின்களும் வெள்ளையாக ஒரு தடவை, கறுப்பாக ஒரு தடவை ஆடுகின்றன. கணினியும் போட்டி நடத்துகிறவர்களுடையது. எஞ்சின் எழுதியவர் எங்கேயோ வீட்டில் நகம் கடித்துக்கொண்டு பார்க்கிறார். அவரால் ஒன்றும் செய்ய முடியாது. எல்லாவற்றையும்விட முக்கியம், இரண்டு எஞ்சின்களின் ஆழம், மதிப்பீடு, வேகம், எடுத்துக்கொண்ட நேரம் எல்லாம் ஆட்டம் நடக்கும்போதே திரையில் ஓடும். இறக்கிக்கொள்ளும் ஆட்டக் கோப்பில் (பிஜிஎன்) ஒவ்வொரு நகர்வுக்குப் பக்கத்திலும் இந்த எண்கள் இருக்கும். நான் கேட்டு "விதியில் இடமில்லை" என்று சொல்லப்பட்ட அதே லாக்கின் சுருக்கம், அங்கே ஆட்டக் கோப்புக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. நம் சர்வர் ஆட்டங்களின் கோப்பில் இருப்பது கடிகாரம் மட்டும்.

எஞ்சினோடு சேர்ந்து யோசித்து ஆடப் பிடித்தவர்களுக்கும் இடம் இல்லாமல் இல்லை. 1998-இல் ஸ்பெயினின் லியோன் நகரில் காஸ்பரோவும் தோபலோவும் ஆளுக்கொரு கணினியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆடினார்கள். மறு வருஷம் அதே ஊரில் நம் ஆனந்த் இந்த முறையில் கார்போவைத் தோற்கடித்தார். 2005-இல் இணையத்தில் நடந்த ஃப்ரீஸ்டைல் போட்டியில், யார் வேண்டுமானாலும் எத்தனை எஞ்சினோடும் ஆடலாம் என்று திறந்துவிட்டார்கள். கிராண்ட்மாஸ்டர்கள் இருந்த அந்தக் கூட்டத்தில் ஜெயித்தவர்கள் ஸ்டீவன் கிராம்டன், ஸாக்கரி ஸ்டீஃபன் என்ற இரண்டு அமெரிக்க அமெச்சூர்கள். கையில் சாதாரணக் கணினிகள். எந்த எஞ்சினை எப்போது நம்புவது, எப்போது நம்பக் கூடாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அது ஒரு தனித் திறமை, நான் அதை மதிக்கிறேன். தபால்வழிச் செஸ்ஸிலும் இன்று எஞ்சினுக்குத் தடையில்லை. இப்படி ஆட ஆசைப்படுகிறவர் அந்தப் பந்தியில் உட்காரட்டும். எஞ்சின் பந்தியில் இலை போட்டு உட்கார வேண்டாம்.

சரி, என்ன செய்யலாம்? நீங்கள் அடுத்த போட்டிக்கு விதி எழுதும்போது சேர்த்துக்கொள்ள வேண்டியவை அதிகம் இல்லை. கடிகாரம் ஓடத் தொடங்கியதும் ஆபரேட்டர் எதையும் தொடக் கூடாது. நகர்வும், டிராவும், ரிசைனும் முன்பே எழுதிக் கொடுத்த அமைப்பின்படிதான் நடக்க வேண்டும். அந்த அமைப்புக் கோப்பையும், எஞ்சினின் பெயர், பதிப்பு, எத்தனை திரெட் (ஒரே நேரத்தில் இணையாக ஓடும் கணக்கீடுகள்), எந்தப் புக், எந்த டேபிள்பேஸ் (சில காய்களே மிஞ்சிய நிலைகளுக்கு விடை எழுதிவைத்த தரவு) என்பதையும் போட்டிக்கு முன் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நகர்வை இணையத் தரவுத்தளத்திலிருந்து எடுக்கிற வசதி போட்டிருந்தால் அதையும் சொல்லட்டும். எஞ்சின் எண்ணாத நகர்வு அது. சுற்றுகளுக்கு இடையே மாற்ற வேண்டுமா, மாற்றட்டும், எழுதிக் கொடுத்துவிட்டு மாற்றட்டும். டீப் புளூவுக்கே அந்த அனுமதி இருந்தது.

லாக்கை ஆட்டம் முடிந்த 24 மணி நேரத்துக்குள் ஒப்படைக்க வேண்டும் என்பதுதான் நான் முக்கியமாகக் கேட்பது. லாக்கையும் பொய்யாக எழுதலாமே என்பார்கள். எழுதலாம், ஆனால் அது லேசான வேலை இல்லை. ஒவ்வொரு நகர்விலும் எஞ்சின் அடுத்து என்ன வரும் என்று ஒரு வரிசையை எதிர்பார்த்து எழுதியிருக்கும். அது முந்தைய வரிசையோடும் அடுத்த வரிசையோடும், கடிகாரத்தோடும், பார்த்த நிலைகளின் எண்ணிக்கையோடும் ஒத்துப்போக வேண்டும். ஒரு திரெட்டில் ஓடிய எஞ்சினை அதே நிலையில், அதே அளவுக்கு மறுபடி ஓடவிட்டால் பெரும்பாலும் அதே விடை வரும். பல திரெட்டில் ஓடியிருந்தால் விடை தடவைக்குத் தடவை கொஞ்சம் மாறும் என்பது உண்மை; அப்போதும் தன் கணக்கிலேயே ஒன்பதாம் இடத்தில் இருந்த நகர்வை எஞ்சின் ஏன் போட்டது என்ற கேள்விக்கு யாராவது பதில் சொல்லியாக வேண்டும். எல்லா லாக்கையும் நீங்கள் படிக்க வேண்டியதில்லை. ஆட்சேபம் வந்த ஆட்டத்தை மட்டும் எடுத்துப் பாருங்கள். கேட்டால் கொடுக்க வேண்டியிருக்கும் என்று தெரிந்தாலே பாதிப் பேர் மவுஸிலிருந்து கையை எடுத்துவிடுவார்கள்.

இணைப்பு அறுந்தால் என்ன செய்வது என்பதைத் தெளிவாக எழுதுங்கள். இது எங்கள் ஊர்க்காரர்களுக்கு ரொம்ப முக்கியம். கோடைகாலத்தில் சாயங்காலம் மின்சாரம் போனால் யுபிஎஸ் கணினியைத் தாங்கும், தெருமுனையில் இருக்கும் நெட்காரரின் பெட்டியைத் தாங்காது. எஞ்சினை மறுபடி தொடங்க ஆபரேட்டருக்கு அனுமதி இருக்கட்டும், ஆனால் கடிகாரம் நிற்கக் கூடாது, தொடங்கிய நேரம் லாக்கில் பதிவாக வேண்டும். புக்கிலிருந்து வெளியே வந்த உடனே அறுந்த ஆட்டங்கள் ஒருவருக்கு மட்டும் அடிக்கடி நடந்தால் அதைக் கண்டுபிடிக்க லாக்குகூட வேண்டாம், கண் இருந்தால் போதும்.

"இதெல்லாம் பொழுதுபோக்கு, இவ்வளவு கெடுபிடி எதற்கு" என்று உங்களில் சிலர் எழுதுவீர்கள். பொழுதுபோக்காக ஆட சாதாரணச் சவால் ஆட்டங்கள் இருக்கின்றன. அங்கே யாரும் லாக் கேட்க வேண்டாம். பட்டியல் போட்டு, ரேங்க் போட்டு, முதல் பரிசு இன்னாருக்கு என்று அறிவிக்கிற போட்டிக்கு மட்டும்தான் நான் கேட்கிறேன். நடத்துகிறவர்கள் சம்பளமில்லாமல் ராத்திரி கண்விழித்து இதைச் செய்கிறீர்கள் என்பதும் தெரியும். அதனால் லாக்கைச் சேகரித்துப் பெயர் மாற்றி அடுக்கிவைக்கும் வேலையை நானே செய்து தரத் தயார். அதற்கு ஒரு சின்ன பைத்தான் ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருக்கிறேன், கேட்டால் அனுப்புகிறேன்.

விதி மாறினாலும் மாறாவிட்டாலும், அடுத்த போட்டியிலிருந்து என் எஞ்சினின் அமைப்புக் கோப்பைப் போட்டிக்கு முதல் நாளும், ஒவ்வொரு ஆட்டத்தின் லாக்கை அது முடிந்த அன்றைக்கும் எல்லோரும் இறக்கிக்கொள்கிற மாதிரி போட்டுவிடுவேன். என்னோடு ஆடுகிறவர்களிடமும் அதையே கேட்பேன். கொடுக்க மாட்டேன் என்கிறவரோடு விதிப்படி ஆட வேண்டியிருந்தால் ஆடுவேன், ஆனால் அந்த ஆட்டத்தை என் எஞ்சினின் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

அன்புடன்,
மதுரையிலிருந்து ஒரு பாட் ஆபரேட்டர்